நடுவில் துபாய்

"அம்மா, நான் சொன்னதை நீ அப்பாகிட்ட சொல்லலை. அப்பா சொன்னதை நீ என்கிட்ட சொல்லலை. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கி, ரெண்டு பேருமே சொல்லாத மூணாவது ஒண்ணை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கே."

இப்படிக் கேட்டாள் என் பெண், பெற்ற தாயை. விருந்தாளிகள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, தட்டில் கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது, அப்போது கேட்டாள். நீயே சொல்லும்மா, இது ஒரு பெண் பேசுகிற பேச்சா?

நீ என்று சொல்லலாம் இல்லையா? உனக்கு என் பெண் வயதுதான் இருக்கும். காதில் மாட்டியிருப்பதைக் கழற்ற வேண்டாம், பரவாயில்லை. பாட்டு ஒன்றும் ஓடவில்லை என்றுதான் நினைக்கிறேன், நான் பேசப் பேசத் தலையை ஆட்டுகிறாயே. பெரியவர்கள் பேசினால் தலையாட்டிக் கேட்கிற பெண் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறாள்? எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் பார்த்திருந்தால் உனக்கு நன்னடத்தைக்கு ஒரு பரிசே கொடுத்திருப்பாள்.

அதோ, நாலு வரிசை தள்ளி ஜன்னலோரம், வழுக்கைத் தலை, நீலச் சட்டை. அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசெல்லாம் ரயிலிலேயே கழித்தவருக்கு, திருச்சியிலிருந்து சென்னைக்குச் சேர்ந்தாற்போல ரெண்டு சீட் வாங்கத் தெரியவில்லை. கிடைக்கவில்லையாம். நீ அரியலூரில் ஏறுகிற வரைக்கும் இந்த சீட் காலியாகத்தான் கிடந்தது. நானும் கூப்பிடவில்லை. நான் அவரோடு இப்போது பேசுவதில்லை. அவரும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவர் எப்போதுமே பேசமாட்டார், அதனால் அதைச் சண்டையில் சேர்க்க முடியாது.

கூட்ஸ் வண்டி கார்டு, அம்மா. கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து, பச்சைக் கொடி காட்டி, சிவப்புக் கொடி காட்டி, அதிலேயே காலத்தை ஓட்டியவர். கல்யாணமான புதிதில் சாம்பார் எப்படி என்று கேட்டால் கையைத்தான் தூக்கிக் காட்டுவார். அது பச்சையா சிவப்பா என்று நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், இந்துஜா. சென்னையில் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு வைவா. டாக்டர் பட்டத்துக்குக் கடைசிப் பரீட்சை, பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து வாயால் கேள்வி கேட்பார்கள். அதற்குத்தான் போகிறோம். அவள் என்னைக் கூப்பிடவில்லை. போன் பண்ணினால் எடுக்கவும் இல்லை. இவர் பாட்டுக்கு டிக்கெட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை இல்லாமல். வருகிறாயா என்று கேட்டால் என்ன? நானும் கேட்காமலேயே புடவையை எடுத்து வைத்தேன்.

அவள் என்ன படிக்கிறாள் தெரியுமா? கருந்துளை. ஓட்டை என்று சொல்லிவிடாதே, ஒரு தடவை சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது ஓட்டை இல்லையாம். அதைச் சுற்றி வாயு சுழல்கிறது, கொதிக்கக் கொதிக்க, வெளிச்சம் போகிற வேகத்துக்குக் கிட்டத்தட்ட. அந்த வாயுவிலிருந்து வெளிச்சம் கிளம்புகிறது. கிளம்பிய வெளிச்சம் வாயுவைத் தள்ளுகிறது, வாயு வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இந்த ரெண்டு பேரின் இழுபறியைக் கம்ப்யூட்டரில் எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் அவளுடைய படிப்பு. கருந்துளையையே அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் போவதில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் ஃபெர்னாண்டஸின் பெண் பல் டாக்டர், தினம் நாலு வாயையாவது பார்க்கிறாள். சரி, விடு.

இந்த வருடம் தீசிஸ் எழுதுகிறேன் என்று பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் பாதியை லேப்டாப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் மீதிப் பாதியில் சாப்பிட்டோம். மூன்று பேர் என்றா சொன்னேன்? மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அவருக்கு ஒரு நேரம், அவளுக்கு ஒரு நேரம்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவளுக்கு எது வேண்டுமென்றாலும், "அம்மா, அப்பாகிட்ட சொல்லிடு." அவருக்கு எது சொல்ல வேண்டுமென்றாலும், "அவகிட்ட சொல்லிடு." எல்லாம் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும், சமையலறையில் நான். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் பணம், காலேஜ், ஹாஸ்டல், எல்லாமே என் வழியாகத்தான் போயிருக்கிறது. அவள் இன்ஜினீயரிங் வேண்டாம், ஃபிசிக்ஸ்தான் என்று சொன்னபோதுகூட அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றாள், நடுவில் நான் கரண்டியோடு நடந்தேன்.

அதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கான்வென்ட்டில் எங்களுக்கு ப்ரெஸி எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ் கொடுப்பார்கள், அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அதில் நான்தான் முதல். "சாரத்தை எடு, சக்கையை விடு" என்பாள் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ். இந்துஜா கால் மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதை நான் ஒரு வரியில் அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவர் கையைத் தூக்கிக் காட்டுவதை நான் நாலு வரியாக அவளிடம் சொல்வேன். ஒரு தரப்பில் அதிகம், ஒரு தரப்பில் குறைச்சல். நான் சமன் பண்ணிவிடுவேன். இத்தனை வருடம் வீடு ஓடியது இல்லையா?

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு, "அம்மா, என் ப்ராப்ளம் என்னன்னு காட்டட்டுமா?" என்றாள். என்னடா இது, தானாக வந்து சொல்கிறாளே என்று நானும் பூண்டை உரிக்கிறதை விட்டுவிட்டு நின்றேன். அவருடைய பழைய கார்டு டார்ச் ஒன்று இருக்கிறது, கையளவு தடிமன். அதை எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார், இருட்டில் யாராவது இடித்துக்கொள்ளப் போகிறோம் என்று. இந்துஜா கையில் அவள் போன் டார்ச்.

"அப்பாவைக் கொஞ்சம் இடது பக்கமாப் பிடிக்கச் சொல்லும்மா" என்றாள். அவர் ரெண்டடி தள்ளித்தான் நிற்கிறார்.

"ஏங்க, இடது பக்கமாப் பிடிக்கணுமாம்" என்றேன்.

பிடித்தார். அவள் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து போய் ஃப்ரிட்ஜ் மேல் விழுந்தது. அவர் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து அரிசி டின் மேல் விழுந்தது. நடுவில் ரெண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போயின. வத்தல் வறுத்த புகை கொஞ்சம் இருந்ததால் அந்த வெட்டுகிற இடம் நன்றாகவே தெரிந்தது.

"பாரு, ரெண்டு வெளிச்சமும் மோதிக்கலை. அதது போற எடத்துக்கு அதது போகுது. ஆனா நாங்க கம்ப்யூட்டர்ல போடுற சுலபமான வழியில இது நடக்காது. இடத்தையெல்லாம் பர்ஃபி மாதிரி கட்டம் கட்டமா வெட்டிக்குவோம். ஒவ்வொரு கட்டத்திலயும் எவ்வளவு வெளிச்சம் இருக்கு, மொத்தத்துல எந்தப் பக்கம் போகுது, அவ்வளவுதான் எழுதி வைப்போம். ஒரு கட்டத்துக்கு ஒரு திசைதான். அந்தக் கட்டத்துல ரெண்டு வெளிச்சம் வந்து சேர்ந்தா, கம்ப்யூட்டர் ரெண்டையும் கூட்டி ஒண்ணாக்கி, நேரா நடுவுல அனுப்பிடும்" என்றாள்.

நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். என் மிக்ஸி இருந்தது.

"அப்ப ஃப்ரிட்ஜுக்கும் வெளிச்சம் இல்லை, அரிசி டின்னுக்கும் இல்லை, யாருமே காட்டாத மிக்ஸி மேல வெளிச்சமா?" என்றேன்.

"அதேதாம்மா!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

எனக்குப் பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? "எவ்வளவு மக்குக் கம்ப்யூட்டரா இருக்கும்! ரெண்டு பேர் ரெண்டு ஊருக்குப் போறாங்கன்னா, விட்டுட வேண்டியதுதானே? இதுக்கென்ன நடுவுல மூக்கை நுழைக்கிற வேலை?" என்றேன். அவர் டார்ச்சை அணைத்தார். இருட்டில் ஒரு செருமல் கேட்டது. அவருக்குத் தொண்டையில் எப்போதும் கொஞ்சம் சளி.

சரி, அதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனைத் தனியாக, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனைத் தனியாக. கலக்கவே கூடாது. அதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். ஆனால் மிஷின் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளுமாம். அப்படி ஒவ்வொருத்தர் சொல்வதையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? மிஷினுக்கு வேறு வேலை இல்லை, உட்காரும்.

இன்னொன்றும் சொன்னாள். கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் வெளிச்சமே வட்டமாகச் சுற்றி வருமாம். அங்கே நின்றால் நம் முதுகை நாமே பார்க்கலாமாம். எனக்கெதற்கு? என் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அரிசி டின் என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோயிற்று என்று சொல்லமாட்டோம். நிறைந்திருக்கிறது என்போம். டின்னை வழிக்கவும் மாட்டோம், அடியில் ஒரு பிடி எப்போதும் கிடக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? இந்துஜா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவர்கள் கணக்கிலும் அப்படித்தானாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று போட்டால் கம்ப்யூட்டர் கணக்கே நின்றுபோய்விடுமாம். அதனால் வெற்றிடத்திலும் இவர்களாக ஒரு சிட்டிகை வாயுவைத் தூவி வைப்பார்களாம்.

"அப்ப நீயும் இல்லாததை இருக்குன்னுதானே எழுதுறே?" என்றேன்.

"எழுதுவோம். ஆனா அங்கேயிருந்து வெளிச்சம் வந்தா அதை நம்ப மாட்டோம்மா. அது நாங்களே தூவினது" என்றாள்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் நானும் அப்படித்தான். அவள் ஹாஸ்டலில் இருந்த வருடங்களில் வாராவாரம் போனில் பேசுவேன். "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்பாள். அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் பேச்சே நின்றுபோய்விடும். அதனால், "நீ சாப்பிட்டியான்னு அப்பா கேட்டார்" என்பேன். ஒரு சிட்டிகை. "ம்ம், சாப்பிட்டேன்னு சொல்லு" என்பாள், குரலே மாறிவிடும். நான் இவரிடம் வந்து, "அவ உங்களைக் கேட்டா, முட்டிவலி எப்படின்னு" என்பேன். அவள் கேட்டிருக்க மாட்டாள். இவர் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லேன்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வண்டி எங்கே வந்திருக்கிறது? விருத்தாசலம் போய்விட்டதா? சரி.

பங்குனியில் அவளுக்குப் போலந்திலிருந்து வேலை வந்தது. மூன்று வருடம். இதே கருந்துளை, இதே வெளிச்சம், ஆனால் பெரிய கம்ப்யூட்டர். என்னிடம் வந்து, "அம்மா, இதுக்காகத்தான் இத்தனை வருஷம். நான் போயே ஆகணும். அப்பாகிட்ட சொல்லு. அப்பா சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போவேன். சொல்லலைன்னா எனக்கு அங்க போய் வேலை ஓடாது" என்றாள். வைவா முடிவதற்குள் போலந்துக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அவரிடம் போனேன். ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். "இந்துஜாவுக்குப் போலந்துல வேலையாம்" என்றேன்.

"போலந்தா? அங்க பனி கொட்டுமே" என்றார். கன்னத்தை இந்தப் பக்கம் திருப்பி மழித்தார், அந்தப் பக்கம் திருப்பி மழித்தார். அப்புறம், "திருச்சியிலேயே ஒரு காலேஜ்ல கிடைச்சா பக்கத்துலயே இருப்பா" என்றார். அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

இப்போது நீ என் இடத்தில் இருந்து பார். ஒருத்தி போலந்து என்கிறாள். ஒருத்தர் திருச்சி என்கிறார். ஒருத்திக்கு வெளிநாடு. ஒருத்தருக்குப் பனி கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும். சாரத்தை எடு, சக்கையை விடு. வெளிநாடு, பனி இல்லை, பக்கம். என்ன வருகிறது?

துபாய்.

வேறென்ன வரும்? மேப்பை எடுத்து வைத்துப் பார், திருச்சிக்கும் போலந்துக்கும் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கிறது. திருச்சியிலிருந்து நேராக விமானம். நினைத்தால் மாம்பழம் கொடுத்தனுப்பலாம். அங்கே சும்மா போக முடியாது, ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு என் பெரியம்மா பேத்தி வழியில் ஒரு பையன் இருந்தான், தினகரன் என்று. துபாயில் ஏ.சி. கம்பெனியில் பெரிய வேலை. கட்டடம் முழுக்கக் குளிர்காற்று எந்தக் குழாய் வழியாக எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவன். இவளும் காற்று, வேகம், சூடு, கம்ப்யூட்டர். இதைவிடப் பொருத்தம் ஜோசியர்கூடச் சொல்ல முடியாது.

அவளிடம், "அப்பா யோசிச்சுப் பார்த்தார். துபாய்னா சரிங்கிறார். ஒரு பையனைக்கூட மனசுல வச்சிருக்கார்" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. லேப்டாப்பை மூடினாள். அப்புறம், "அப்பா இதுவரைக்கும் என்கிட்ட எதுவுமே கேட்டதில்லை. முதல் தடவையா ஒண்ணு கேக்கறார்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அவரிடம், "அவ துபாய்க்குப் போறேங்கிறா. கல்யாணத்துக்கும் சரியாம்" என்றேன். "அவளேயா சொன்னா?" என்று கேட்டார். "அவளேதான்." பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. கேசரி, பஜ்ஜி, ஃபில்டர் காபி. இவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இவர் வேட்டி சட்டையோடு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ரெண்டு பேருக்கும் ஜுரம் வந்த மாதிரி முகம்.

பையன் நல்ல பையன், அதைச் சொல்ல வேண்டும். பேச்சுக் கொடுத்தான். "நீங்க ரேடியேஷனை எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டான், வெளிச்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறான். அவ்வளவுதான், இவளுக்கு உயிர் வந்துவிட்டது. கட்டம் என்கிறாள், திசை என்கிறாள், கேசரித் தட்டை நகர்த்திவிட்டு ரெண்டு ஸ்பூனைக் குறுக்கே வைத்துக் காட்டுகிறாள். அவன், "எங்க டக்ட் குழாய்ல ரெண்டு காத்து சேர்ந்தா கலந்துடும், அதுல தப்பில்லை. வெளிச்சத்தை அப்படிக் கலக்கலாமா? கலக்கக் கூடாதே!" என்கிறான். நான் உள்ளே நின்று, நாள் குறித்துவிடலாம் போலிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பையன் கேட்டான். "இவ்வளவு பெரிய வேலை பண்றீங்க, இதுக்கு துபாய்ல எங்கே இடம் இருக்கு? போலந்து ஆஃபரை விட்டுட்டு எதுக்கு அங்க வர்றீங்க?" இவள் ஸ்பூன் ரெண்டையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். அவன் இவரைப் பார்த்துத் திரும்பினான். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க துபாய்தான்னு உறுதியா இருக்கறதா ஆன்ட்டி சொன்னாங்க. ஏன் அங்கிள்?"

"நானா?" என்றார்.

அவர் குரல் அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தமாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. திரும்பி இந்துஜாவைப் பார்த்தார். நேராக. என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "நீதானேம்மா துபாய் போறேன்னு சொன்னே?"

"நான் எப்பப்பா சொன்னேன்? நீங்க கேட்டீங்கன்னுதானே நான் இந்தப் புடவையே கட்டினேன்!"

"நான் பனி கொட்டுமேன்னு மட்டும்தான் சொன்னேன்."

"பனியா?"

"போலந்துல."

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தாற்போல என் பக்கம் திரும்பினார்கள். ரெண்டு டார்ச்சும் ஒரே நேரத்தில் முகத்தில் அடித்த மாதிரி. பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க இன்னொரு நாள் வர்றோம். முதல்ல நீங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசி முடிச்சுக்குங்க" என்றாள். அப்போதுதான் இவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், முதலில் சொன்னேனே, மூணாவது ஒண்ணு என்று. அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், காதில் விழாமலா இருக்கும்?

"மக்குக் கம்ப்யூட்டர்னு சொன்னியேம்மா" என்று வேறு சொன்னாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு எங்கெங்கேயோ போகும்.

அதோடு விட்டாளா? அவர்கள் போனதும் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். அவள் அப்பா கூடத்தில்தான் இருந்தார். "ஹாஸ்டலுக்கு வாராவாரம் போன் பண்ணுவியே, நீ சாப்பிட்டியான்னு அப்பா கேட்டார்னு. அது அப்பா கேட்டதா, நீ தூவினதா?" என்றாள்.

ரசம் பொங்குகிறது என்று நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை, அது வேறு விஷயம். வெறும் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டு நின்றேன். "ஒரு தடவையாவது கேட்டாராம்மா? ஒரே ஒரு தடவை?" என்றாள். நல்லது பண்ணினதற்கு இப்படியா குறுக்கு விசாரணை? மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். போலந்துக்கு என்ன பதில் சொன்னாள், சொன்னாளா இல்லையா, எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்வார்கள்? எல்லாருக்கும் எல்லாம் சொல்கிறவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அன்றிலிருந்து இவரும் ஒரு மாதிரி ஆகிவிட்டார். அந்தத் தடித்த டார்ச்சை எடுத்துத் துடைக்கிறார். ஒரு நாள் வெயிலில் எங்கேயோ சுற்றிவிட்டு, முகமெல்லாம் சிவந்து, ஒரு பையோடு வந்தார். நேற்று அவர் பெட்டியில் துண்டு வைக்கப் போனால், அந்தப் பைக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஸ்வெட்டர்! வைகாசி மாதத்தில், சென்னைக்கு! ஏ.சி. பெட்டி, குளிரும் என்று வாங்கினாரோ என்னவோ. அதையாவது பார்த்து வாங்கத் தெரிகிறதா? அரக்கு நிறத்தில், பொம்பளை ஸ்வெட்டர், அம்மா. கழுத்தில் பூ வேலை. இவர் வயிற்றுக்கு அது பாதிகூட இறங்காது. கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான். கூடவே காதை மூடுகிற குல்லாய் ஒன்று, கம்பளிக் கையுறை ஒன்று. வயதானால் புத்தி இப்படித்தான் போகும். சொல்லிக் காட்டலாம் என்றால், நான்தான் பேசுவதில்லையே.

இரு, இரு. அவர் போனை எடுக்கிறார் பார்.

அந்த மனுஷர் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை. கேஸ்காரன் கூப்பிட்டால்கூட என்னிடம்தான் நீட்டுவார். காதில் வைத்துக்கொண்டாரே! யாராக இருக்கும்? என் போனை எடுக்காதவள், அவர் போனை மட்டும் எடுத்திருப்பாளோ? அவளாகத்தான் இருக்க வேண்டும், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பேசுகிறார். கேட்கவில்லை, இந்த வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நேரம் என்ன பேசுவார்? நான் சொல்லிக்கொடுக்காமல் என்ன பேசத் தெரியும் அவருக்கு?

சிரிக்கிறார். பின்னாலிருந்து பார்த்தாலே தெரிகிறது, காது ரெண்டும் மேலே போகின்றன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை நீட்டுகிறார். மறு கையால் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்து காட்டுகிறார். போனில் இருக்கிறவளுக்கு அது தெரியுமா? என்னத்தை அளக்கிறார்?

ஏம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணேன். பாத்ரூம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. போகிற மாதிரி எழுந்து போய், அவர் சீட் பக்கத்தில் கொஞ்சம் நின்று, என்ன பேசுகிறார் என்று கேட்டுவிட்டு வாயேன். நான் போனால் நிறுத்திவிடுவார். முழுசும்கூட வேண்டாம். நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்கிறாரா, அதை மட்டும் கேட்டுவிட்டு வா. அவர் வாயால் கேட்கிறாரா என்று. நீயாக ஒன்றும் சேர்க்காதே, சுருக்காதே, அவர் சொன்னது சொன்னபடி வந்து சொல்லு.

தலையை ஆட்டுகிறாயே, எழுந்திரேன். கண்ணை ஏன் மூடிக்கொண்டிருக்கிறாய்? ஏம்மா, உன்னைத்தான்... போய்க் கேட்டுவிட்டு வாயேன்.